கார் பிந்துகிறதா? திகதியைக் கேட்காதீர்கள், கடதாசியைக் கேளுங்கள்

2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நின்ற நாளிலிருந்து என் மனதில் இருந்தது ஒரே கார்தான், மஸ்டா ரோட்ஸ்டர். இரண்டு பேர் மட்டும் ஏறலாம், துணிக் கூரையை இருந்த இருப்பிலேயே கையால் மடக்கிப் பின்னால் தள்ளலாம், ஹிரோஷிமாவில் செய்கிறார்கள். 2025 பெப்ரவரி முதலாம் திகதி தனியார் வாகனங்களுக்கு மறுபடி கதவைத் திறந்தார்கள், அடுத்த மாதமே கொழும்பில் ஒரு விற்பனை நிலையத்தில் முற்பணம் கட்டிவிட்டேன். மூன்று மாதத்தில் கையில் என்றார்கள். களுவாஞ்சிகுடியில் எங்கள் வளவுக்குள் அது வந்து நின்றபோது ஒக்டோபர் கடைசி. இடையில் பட்ட பாட்டில் படித்ததை, இப்போது காத்துக்கொண்டிருப்பவர்களுக்காக எழுதுகிறேன். ஸ்விஃப்ட் ஸ்போர்ட், ஜிஆர் யாரிஸ், ஜிஆர் 86 என்று எதற்குக் காத்திருந்தாலும் வழி இதுதான்.

முதலில், "எப்ப வரும்?" என்று கேட்பதை இன்றோடு விடுங்கள். அந்தக் கேள்விக்கு யாரும் ஒரு திகதி சொல்லலாம், சொன்ன திகதி போனால் இன்னொன்று சொல்லலாம், நீங்களும் அதை நம்பி வீட்டில் சொல்லி, வீட்டில் மாமியிடம் சொல்லி, மாமி கோயிலில் சொல்லி, கடைசியில் ஊரே உங்களிடம் கேட்கும். நானும் ஏப்ரல், மே இரண்டு மாதமும் கிழமைக்கு இரண்டு தரம் கோல் எடுத்தேன். ஒவ்வொரு தரமும் "கப்பல் பிந்துது அண்ணன்" என்ற ஒரே பதில். ஜூனில் ஒருநாள் நான் கடையில் இருந்து கதைப்பதைக் கேட்டுக்கொண்டிருந்த எங்கள் அண்ணன், கொங்கிரீட் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தவர், தலை நிமிராமலே சொன்னார்: "கப்பல் பிந்துதெண்டா அதுக்கு ஒரு பேர் இருக்க வேணுமே. பேரைக் கேளு, மறுகா பாப்பம்."

கேட்டேன். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் வேறொருவர் எடுத்துச் சொன்னார், எல்சி, அதாவது காருக்கான காசுக்கு வங்கி கொடுக்கும் உத்தரவாதக் கடிதம், இன்னும் திறக்கவில்லை என்று. அதாவது கார் கப்பலில் இல்லை, துறைமுகத்தில் இல்லை, ஜப்பானில் எனக்கென்று ஒரு காரே இல்லை. மூன்று மாதமாக நான் காத்திருந்தது வங்கிக்குப் போகாத ஒரு விண்ணப்பத்துக்கு. அன்று வந்த கோபத்தை எழுத இங்கே இடம் காணாது. ஆனால் அன்றிலிருந்து திகதி கேட்பதை விட்டுவிட்டுக் கடதாசி கேட்கத் தொடங்கினேன், அதற்குப் பிறகு யாராலும் என்னைச் சுற்ற முடியவில்லை.

எந்தக் கட்டத்துக்கு எந்தக் கடதாசி

ஜப்பானில் இருந்து வரும் கார் ஒவ்வொரு படி தாண்டும்போதும் ஒரு கடதாசி பிறக்கும். கடதாசி இல்லையென்றால் அந்தப் படி இன்னும் தாண்டவில்லை, அவ்வளவுதான் கணக்கு. உங்கள் பெயரும் மாடலும் நிறமும் எழுதிய இன்வொய்ஸ் முதலாவது. அடுத்தது வங்கி எல்சி திறந்ததற்கான பிரதி. அதற்குப் பிறகு சேசிஸ் நம்பர், அதாவது காரின் உடம்பில் பொறித்திருக்கும் அடையாள இலக்கம், வரவேண்டும், இதுதான் எனக்கு மிகவும் பிடித்த கட்டம், ஏனென்றால் இந்த நிமிடத்திலிருந்து "ஒரு கார்" என்பது "உங்கள் கார்" ஆகிறது. 1.5 லீற்றர் ரோட்ஸ்டர் என்றால் நம்பர் ND5RC என்று தொடங்கும், ஜிஆர் 86 என்றால் ZN8, ஸ்விஃப்ட் ஸ்போர்ட் என்றால் ZC33S. முன்னெழுத்து நீங்கள் கேட்ட மாடலோடு பொருந்துகிறதா என்று அப்போதே பாருங்கள். இரும்புக் கூரை மடங்கும் ரோட்ஸ்டர் ஆர்எஃப் இரண்டு லீற்றர் என்ஜின், அதன் முன்னெழுத்து NDERC. என்ஜின் கொள்ளளவை வைத்துத்தான் இங்கே உற்பத்தி வரி போடுகிறார்கள் என்பதால், கார் மாறினால் வரியும் சேர்ந்து மாறும், அந்த வித்தியாசம் சின்னத் தொகையாக இராது.

ஓடிய கார் எடுப்பவர்கள் இந்த இடத்தில், ஜப்பான் ஏலத்தில் காரைப் பரிசோதித்து எழுதும் ஏல ஷீட்டையும் ஏற்றுமதிச் சான்றிதழையும் சேர்த்துக் கேளுங்கள். ஷீட்டில் S அல்லது 6 என்று மதிப்பெண் இருந்தால் கிட்டத்தட்டப் புதுசு, 4.5 என்றால் நல்ல கார். கார் படத்தில் A1 என்று குறித்திருந்தால் சின்னக் கீறல், U1 என்றால் சின்ன நெளிவு. ஏற்றுமதிச் சான்றிதழில் ஜப்பானில் முதல் பதிவான மாதம் இருக்கும், அதைக் கவனமாகப் பாருங்கள். ஓடிய கார்களுக்கு இங்கே வயது எல்லை இருக்கிறது. எல்லைக்குக் கிட்ட இருக்கும் காரை மலிவாக எடுத்துவிட்டு ஏற்றுவதில் ஒரு மாதம் பிந்தினால், பிந்தியது காத்திருப்போடு மட்டும் முடியாது.

எல்சி பற்றி இன்னுமொன்று. எல்சி எந்த நாட்டு விற்பனையாளர் பெயரில் திறக்கப்பட்டது, கார் எந்த நாட்டில் இருந்து ஏறுகிறது என்ற இரண்டையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள். 2025ல் இவை பொருந்தாத கார்கள் சுங்கத்தில் மாட்டிக்கொண்டு, வாங்கியவர்கள் மாதக்கணக்காக அலைந்தார்கள். எல்சி பிரதியைக் கையில் வாங்காமல் இதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை.

பிந்துவதற்கு நியாயமான காரணங்களும் உண்டு

எல்லாத் தாமதமும் ஏமாற்று இல்லை, இதையும் சொல்லத்தான் வேண்டும். ஸ்போர்ட்ஸ் கார்களை எந்தக் கம்பனியும் குவித்துச் செய்து வைப்பதில்லை. ரோட்ஸ்டரைத் தனியாக ஒரு தொழிற்சாலையில் செய்யவில்லை, உஜினா ஆலையில் மற்ற மாடல்களோடு ஒரே வரிசையில் வருகிறது. ஜிஆர் 86 டொயோட்டா பெயரில் விற்றாலும் செய்வது சுபாருவின் குன்மா ஆலை. பிரிட்டனில் 2022ல் அந்தக் காருக்கு ஒதுக்கியிருந்த இரண்டு வருடப் பங்கும் 90 நிமிடத்தில் முடிந்தது. ஜப்பானில் ஏப்ரல் கடைசியிலிருந்து மே முதல் கிழமை வரை விடுமுறை, ஓகஸ்ட் நடுவில் ஒபோன் விடுமுறை, பிறகு புதுவருடம். இந்த மூன்று நேரமும் ஆலை, அலுவலகம், ஏலம் எல்லாம் நின்றுவிடும். உங்கள் விற்பனையாளர் ஓகஸ்ட் 12ல் "அடுத்த கிழமை பதில் வரும்" என்றால் அவரோடு சண்டை பிடிக்காமல் மாதக் கடைசி வரை விடுங்கள்.

கப்பலில் ஏறிய பிறகும் உத்தரவாதம் இல்லை. 2022 பெப்ரவரியில் ஃபெலிசிட்டி ஏஸ் என்ற கார்க்கப்பல் அத்திலாந்திக்கில் தீப்பிடித்து, போர்ஷே, லம்போர்கினி, பென்ட்லி உட்பட கிட்டத்தட்ட 4000 கார்களோடு மார்ச் முதலாம் திகதி அசோரஸ் தீவுகளுக்குக் கிட்ட மூழ்கியது. அப்படி நடக்கும் என்று பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. உங்கள் இன்வொய்ஸில் சிஐஎஃப் என்று இருக்கிறதா, சி அன்ட் எஃப் என்று இருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறேன். முதலாவதில் கடல் காப்புறுதி உள்ளே இருக்கிறது, இரண்டாவதில் இல்லை. ஜப்பான் ஏற்றுமதியாளர்கள் பலர் சி அன்ட் எஃப் விலைதான் சொல்வார்கள். அப்படியென்றால் கடலில் இருக்கும்போது காப்புறுதி யார் பெயரில் என்று எழுத்தில் கேட்டு வையுங்கள்.

கப்பலைப் பார்ப்பது

காரை ஏற்றியதற்குக் கப்பல் கம்பனி தரும் பில் ஒஃப் லேடிங் வந்ததும் அதில் கப்பலின் பெயர், பயண இலக்கம், ஏற்றிய துறைமுகம், ஏற்றிய திகதி எல்லாம் இருக்கும். கப்பல் பெயரை மரைன் ட்ரஃபிக் போன்ற தளத்தில் போட்டால் வரைபடத்தில் எங்கே நிற்கிறது என்று தெரியும். ஒரே பெயரில் இரண்டு கப்பல் இருக்கலாம், கப்பலுக்குக் கப்பல் மாறும் ஐஎம்ஓ இலக்கத்தின் ஏழு எண்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். யோகோஹாமாவிலிருந்து இடையில் நிற்காமல் வந்தால் இரண்டு கிழமைக்குள் வந்துவிடும் தூரம்தான், ஆனால் கார்க்கப்பல் பஸ் மாதிரி, வழியில் துறைமுகம் துறைமுகமாக நின்று இறக்கி ஏற்றித்தான் வரும். சிங்கப்பூரையும் மலாக்கா நீரிணையையும் தாண்டியதும் இரண்டு மூன்று நாள் கப்பல் வரைபடத்தில் காணாமல் போகும். பதறவேண்டாம். இலவசத் தளங்கள் கரையில் இருக்கும் கருவிகள் பிடிக்கும் சிக்னலைத்தான் காட்டும், நடுக்கடலில் அதைப் பிடிக்க ஆளில்லை. எனக்கு அப்படிக் காணாமல் போன இரவு நித்திரையே வரவில்லை, மூன்றாம் நாள் விடிய இலங்கைக்குத் தென்கிழக்கே சின்ன அம்புக்குறியாகத் திரும்பத் தெரிந்ததும் மனைவியை எழுப்பிக் காட்டினேன், அவளும் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து பார்த்தாள்.

கார்கள் பெரும்பாலும் அம்பாந்தோட்டையில் இறங்கும், சிலது கொழும்பில். எங்களுக்கு அம்பாந்தோட்டை என்றால் நல்லது, ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

காசு

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வரி கணக்கிடுவது சுங்கத்துக்குக் கார் வந்த நேரத்து வீதத்திலும் நாணய மாற்றிலும்தான், நீங்கள் முற்பணம் கட்டிய நாள் வீதத்தில் இல்லை. இறக்குமதி வரி, உற்பத்தி வரி, விலை கூடினால் ஆடம்பர வரி, எல்லாவற்றுக்கும் மேலே 18 வீத வற். இடையில் வர்த்தமானி ஒன்று வந்தால் கூடும் தொகையை யார் தாங்குவது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கவேண்டும். பிந்தியது அவர்களால் என்றால் அந்தக் கூடுதலையும் அவர்கள் தாங்குவது நியாயம், இதை முற்பணம் கட்டும்போதே பேசிவிடுங்கள், பிறகு பேசி வேலையில்லை. துறைமுகத்தில் இலவச நாட்கள் முடிந்தபின் ஏறும் கட்டணமும் இதே மாதிரித்தான். லீசிங் எடுப்பவர்கள் அனுமதிக் கடிதத்தின் காலாவதித் திகதியைப் பாருங்கள், கார் வருமுன் அது முடிந்தால் அன்றைய விதிப்படி திரும்ப விண்ணப்பிக்க வேண்டிவரும். பதிவுக்கு டின் நம்பர், அதாவது வரி செலுத்துவோர் அடையாள இலக்கம், வேண்டும், இல்லாதவர்கள் காத்திருக்கும் நேரத்தில் எடுத்து வையுங்கள்.

கதைத்ததை எல்லாம் வட்ஸ்அப்பில் எழுத்தாக்குங்கள். கோலில் கதைத்து முடிந்ததும், "இப்போது நீங்கள் சொன்னபடி எல்சி பிரதி வெள்ளிக்கிழமைக்கு முன் அனுப்புவீர்கள், சரிதானே?" என்று ஒரு வரி. மரியாதையாக எழுதுங்கள், ஏனென்றால் அது ஒருநாள் வேறொருவர் வாசிக்கப் போகும் கடதாசி. அவர்கள் சொன்ன காலம் தாண்டி, கடதாசியும் வராவிட்டால் சட்டத்தரணி மூலம் ஒரு கடிதம் போடலாம், நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977க்கு எடுத்து முறைப்பாடு கொடுக்கலாம். என் விஷயத்தில் கடிதம் வரை போகவில்லை. கடிதம் எழுதப்போகிறேன் என்று சொன்ன கிழமையே எல்சி திறந்தார்கள்.

காத்திருக்கும் நேரத்தில் செய்யவேண்டிய உருப்படியான வேலை

இதைத்தான் நான் ஆசை ஆசையாகச் செய்தேன், உங்களுக்கும் சொல்லித் தருகிறேன். ரோட்ஸ்டரின் முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் இடையில் 2310 மில்லிமீற்றர். அடிவயிறு நிலத்திலிருந்து ஏறத்தாழ 14 சென்ரிமீற்றர், ஆள் ஏறினால் இன்னும் பணியும். 2310 மில்லிமீற்றர் நீளத்துக்கு நேரான பலகை ஒன்றை எடுத்து, இரண்டு முனையிலும் 13 சென்ரிமீற்றர் உயரக் கட்டை அடியுங்கள். அதுதான் உங்கள் காரின் வயிறு. கடப்படியில், ஒழுங்கை முனையில், பிரதான வீதியில் ஏறும் இடத்தில், ஊருக்குள் இருக்கும் வேகத்தடைகளில் எல்லாம் இதை வைத்துத் தள்ளிப் பாருங்கள். நடுப்பலகை எங்கே தட்டுகிறதோ அங்கே காரும் தட்டும். எங்கள் கடப்பில் தட்டியது. மழைத்தண்ணி உள்ளே வராமல் இருக்க அப்பா காலத்தில் கட்டிய சீமெந்து வரம்பு அது. உடைக்க மனமில்லை, இரண்டு பக்கமும் ஒரு மீற்றர் நீளத்துக்குச் சரிவை நீட்டிக் கொங்கிரீட் போட்டோம், பலகை இப்போது தொடாமல் போகிறது. முன்பக்கத் தாடை தட்டுவதை இந்தப் பலகை காட்டாது, அதற்குச் சரிவில் குறுக்காக ஏறிப் பழகவேண்டும். வேறு கார் என்றால் அந்தக் காரின் அளவைப் போட்டுக்கொள்ளுங்கள்.

நிறுத்தும் இடம் அடுத்தது. எங்கள் பக்கம் வளவெல்லாம் தென்னை, தேங்காய் விழும் வட்டத்துக்குள் துணிக் கூரைக் காரை நிறுத்தவே கூடாது, பன்னாடையும் குரும்பையும் விழுந்தாலே போதும். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வாவி, உப்புக் காற்று இரண்டு பக்கத்தாலும் வரும். தகரக் கொட்டில் போடுங்கள், ஆனால் காற்றோட்டம் விடுங்கள். மூச்சு விடாத பிளாஸ்டிக் உறையைப் போட்டு மூடினால் ஈரம் உள்ளே நின்று துணியில் பூஞ்சணம் பிடிக்கும்.

பெற்றோலையும் இப்போதே பாருங்கள். ஜப்பான் ரோட்ஸ்டர் உயர் ஒக்டேன் எரிபொருளுக்குச் செய்தது, இங்கே வழக்கமாகக் கிடைப்பதில் அதற்குக் கிட்ட இருப்பது 95. எல்லாப் பெற்றோல் செட்டிலும் 95 இருக்காது. கல்முனையிலிருந்து மட்டக்களப்பு வரை எந்தச் செட்டில் எப்போதும் இருக்கிறது என்று மோட்டார்சைக்கிளில் போய் விசாரித்து வையுங்கள். டயர் அளவு 195/50R16, கடைகளில் கேட்டுப் பாருங்கள், இல்லையென்றால் எத்தனை நாளில் எடுத்துத் தருவார்கள் என்றும் கேளுங்கள், ஏனென்றால் இந்தக் காரில் மேலதிகச் சில்லு கிடையாது, ஒட்டும் மருந்தும் காற்றுப் பம்பும்தான்.

பூசைக்கு நாள் குறிப்பதை மட்டும் செய்யாதீர்கள். மாமாங்கேஸ்வரர் கோயிலில் வைத்துப் பூசை போடவேண்டும் என்று எங்கள் வீட்டில் இரண்டு தரம் நாள் பார்த்து இரண்டு தரமும் கார் வரவில்லை. அது சகுனப் பிழை என்று வீட்டில் ஒருவர் சொல்ல, மற்றவர் மனம் நோக, தேவையில்லாத கவலை. கார் வளவுக்குள் வந்தபிறகு நாள் பாருங்கள், தேசிக்காய் எங்கேயும் போகாது.

கையில் எடுக்கும் நாள்

பிந்திய கார் எங்கேயோ வெயிலில் சும்மா நின்ற கார், அதை மறக்கவேண்டாம். பற்றரியை மீற்றர் வைத்துப் பாருங்கள், 12.4 வோல்டுக்குக் கீழே என்றால் சார்ஜ் போடச் சொல்லுங்கள், மிகவும் இறங்கியிருந்தால் புதிது கேளுங்கள். டயர் பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும், 1225 என்றால் 2025ன் 12ஆம் கிழமை செய்தது. கப்பலுக்காகக் காற்று கூட அடித்திருப்பார்கள், கதவு ஓரத்தில் ஒட்டியிருக்கும் அளவுக்கு இறக்குங்கள், இல்லையென்றால் கார் துள்ளும். பிரேக் தட்டில் மெல்லிய செந்துரு இருந்தால் பயமில்லை, ஓடியதும் போய்விடும். உள் விளக்கோ ரேடியோவோ வேலை செய்யாவிட்டால் கப்பல் பயணத்துக்காகக் கழற்றிய பியூஸ் ஒன்று பெட்டிக்குள் கிடக்கலாம். கூரையை மூன்று தரம் மடக்கி விரித்து மடிப்புகளுக்குள் விரலை விட்டுத் தடவுங்கள். சேசிஸ் நம்பரை உங்கள் கையில் இருக்கும் எல்லாக் கடதாசியோடும் ஒப்பிடுங்கள். காப்புறுதிக் கவர் நோட் கையில் வராமல் அவர்கள் முற்றத்தை விட்டு எடுக்காதீர்கள்.

அம்பாந்தோட்டை நல்லது என்றேனே. பதிவு வேலைக்கு நாரஹேன்பிட்டவில் அலைச்சல் இருக்கத்தான் செய்யும், ஆனால் கார் கொழும்புக்குப் போகாமல் தெற்கிலேயே நின்றால், வெல்லவாய, மொனராகலை, சியம்பலாண்டுவ, பொத்துவில் வழியாக நேரே எங்கள் பக்கம் ஏறிவிடலாம். லகுகல பகுதியில் பின்னேரம் யானை வீதிக்கு வரும், வெளிச்சம் இருக்கும்போதே அந்த இடத்தைத் தாண்டுங்கள். நவம்பர் பிறந்தால் மாரி மழை, வெள்ளம் வீதியை மூடும் நாட்களில் இவ்வளவு பணிந்த காரைக் கொண்டுவரவே வேண்டாம், இத்தனை மாதம் பொறுத்தவர்கள் இன்னும் இரண்டு கிழமை பொறுங்கள், அல்லது மேலே ஏற்றிக்கொண்டு வரும் லொறி பிடியுங்கள்.

ஓட்டி வருகிறவர்கள் முதல் 1000 கிலோமீற்றருக்கு என்ஜினை உச்சத்துக்கு முறுக்காமல், ஒரே வேகத்திலும் வைக்காமல், கியரை மாற்றி மாற்றி வாருங்கள். நான் பொத்துவிலில் நிறுத்திப் பிளேன்ரீ குடித்துவிட்டுக் கூரையைத் திறந்தேன். திருக்கோவில் தாண்டும்போது உப்புக்காற்று முகத்தில் அடித்தது, அக்கரைப்பற்றில் மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் பெடியன்கள் கை காட்டினார்கள், கல்முனையில் சனத்துக்குள் முதல் கியரில் ஊர்ந்தேன். வீட்டுக் கடப்படியில் அண்ணன் அந்தப் பலகையோடு நின்றார். காரை நிறுத்தச் சொல்லிவிட்டு இன்னொரு தரம் சரிவில் வைத்துத் தள்ளிப் பார்த்தார், பிறகுதான் உள்ளே விடச் சொன்னார்.